ஐந்து நிமிடத்தில் ஒரு வான்கோழி

அவருடைய பெயரை எழுதமாட்டேன். எழுதினால் யாராவது அவருக்கு வாசித்துக் காட்டுவார்கள். உடனே தொலைபேசியில் அழைத்து, "அந்த அலுமாரிக் கதைய நீ சரியாவே சொல்லல புள்ள, கேளு, அஞ்சு நிமிஷம்தான்" என்று தொடங்குவார். அன்றைக்கு என் அடுப்பில் என்ன இருந்தாலும் அது கருகிப் போகும். ஆகவே கண்டிக்குப் பக்கத்துக் குண்டசாலையில் எங்கள் ஒழுங்கை, அந்தச் சந்து முழுவதுமே அழைத்ததுபோல் ஆன்ட்டி என்று எழுதுகிறேன். ஆன்ட்டிகள் அங்கே பலர் இருந்தார்கள். ஆனால் "ஆன்ட்டி வாறாங்க" என்று யாராவது சொன்னதும் ஒழுங்கையில் இருந்தவர்கள் எல்லாம் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றது இவர் ஒருவருக்குத்தான். எப்படியும் வேலைக்கு இழுக்கப்போகிறார், உட்கார்ந்திருந்து என்ன பிரயோசனம்?

அவர் பெண்களுக்கு ஸ்கூட்டர் ஓட்டப் பழக்குகிறவர். கட்டையான உருவம், காலில் கன்வஸ் சப்பாத்து, தலையில் சிவப்பு ஹெல்மட். ஸ்கூட்டரின் பக்கக் கண்ணாடியில் ஒரு ஜெபமாலை ஆடிக்கொண்டிருக்கும். மைதானத்தில் அவர் போடும் சத்தம் எங்கள் குசினி அடுப்புவரை கேட்கும். "கீழ பாக்காதீங்க! கீழ என்னா காசா கிடக்குது? ரோட்டப் பாருங்க!" நேர்ஸ்மார் வந்து பழகினார்கள், புதிதாகக் கல்யாணம் முடித்தவர்கள் வந்தார்கள், ஒருமுறை ஒரு கன்னியாஸ்திரிகூட அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்தார். எல்லோரிடமும் முதல் நாள் சொல்வது ஒன்றைத்தான். "பயப்பட ஒண்ணுமில்ல. அஞ்சு நிமிஷ வேலை." அந்த ஐந்து நிமிடம் முடிய ஒரு மாதமாகும், முழங்காலில் இரண்டு பிளாஸ்டர் ஏறும். ஆனால் பாதியில் விட்டுவிட்டுப் போனவள் என்று ஒருத்தியையும் எனக்குத் தெரியாது.

அலுமாரிக் கதையையும் சொல்லிவிடுகிறேன், சரியோ பிழையோ. அவருடைய வீட்டின் மேல்மாடிக்கு ஓர் அலுமாரியை ஏற்ற வேண்டியிருந்தது. "அஞ்சு நிமிஷ வேலை, ரெண்டு பேர் வந்தாப் போதும்" என்றார். காலையில் இரண்டு பேர் போனார்கள். பத்து மணிக்கெல்லாம் ஒழுங்கை முழுவதும் அங்கே இருந்தது. அலுமாரி படிக்கட்டு வளைவில் சிக்கிக்கொண்டது. மேலேயும் போகாது, கீழேயும் வராது. அதற்குள் இருந்த உடுப்புகள் எங்கள் வேலியில் தொங்கின. கதவைக் கழற்றினார்கள், கைப்பிடியைக் கழற்றினார்கள், யாரோ ஒருவர் வீட்டையே கழற்றலாமா என்று யோசனை சொன்னார். ஆன்ட்டி பெரிய சட்டியில் தேநீர் போட்டு எல்லோருக்கும் ஊற்றினார். மூன்று வருடமாகப் பேசாமல் இருந்த இரண்டு அயல் வீட்டுக்காரர்கள் அலுமாரிக்குக் கீழே கொடுத்த ஒரே பலகையின் இரு முனைகளைப் பிடித்துக்கொண்டு, "இடப்பக்கம் சரிங்க", "நீங்க கொஞ்சம் தூக்குங்க" என்று பேசவேண்டி வந்தது. அலுமாரி ஒரு கிழமை படிக்கட்டிலேயே நின்றது. அவர் பக்கவாட்டில் நுழைந்து ஏறி இறங்கினார். கடைசியில் அது மேலே ஏறியதும், "பாத்தீங்களா, எவ்வளவு லேசா முடிஞ்சிருச்சு" என்றார். முகத்தில் பொய் கொஞ்சமும் இல்லை.

இந்த ஐந்து நிமிடத்தை எங்கள் அப்பாவால் சகிக்கவே முடியாது. அப்பா கண்டிக்கும் குண்டசாலைக்கும் இடையே பஸ் ஓட்டியவர். ஸ்டாண்டில் ஐந்து நிமிடம் பிந்தினால் பின்னால் வருகிற பஸ்காரன் சண்டைக்கு வருவான். ஐந்து நிமிடம் முந்தினால் முன்னால் போனவன் காத்திருந்து சண்டை பிடிப்பான். மணிக்கூட்டைக் கையில் கட்டாமல் அவர் முகம்கூடக் கழுவமாட்டார். வேலிக்கு அந்தப் பக்கம் ஆன்ட்டியின் தலை தெரிந்தாலே ஆரம்பித்துவிடுவார்.

"உங்க மணிக்கூட்டுல முள்ளு இருக்குதா, இல்ல சும்மா படம் வரைஞ்சு வச்சிருக்கீங்களா?"

"அண்ணே, நீங்க பஸ்ஸ ஓட்டுறீங்க. நான் வாழ்க்கைய ஓட்டுறேன்."

"அதான் எப்பப் பாத்தாலும் ஹோர்ன் சத்தமா இருக்குது."

இருவரும் சிரிக்காமல்தான் பேசிக்கொள்வார்கள். அம்மாவும் நானும் உள்ளே நின்று சிரிப்போம்.

பிறகு அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்தது. ஆஸ்பத்திரியில் காப்பாற்றி அனுப்பினார்கள். இனி பஸ் ஓட்டக்கூடாது என்றார்கள். எண்ணெயும் உப்பும் தேங்காய்ப்பாலும் குறைக்க வேண்டும், கொழுப்பில்லாத இறைச்சி கொஞ்சம் சாப்பிடலாம், தினமும் நடக்க வேண்டும் என்றார்கள். அம்மா இதில் 'கூடாது' என்று முடிந்த வசனங்களை மட்டும் கேட்டுக்கொண்டு வந்தாள். வீட்டில் எல்லாம் அவித்த சாப்பாடு. கரட் அவித்தது, முட்டைக்கோவா அவித்தது, மீன்கூட வெறும் தண்ணீரில் நீந்திக்கொண்டிருந்தது. பஸ் ஸ்டாண்டில் நின்றபடியே இரண்டு ரோல்ஸைப் பிளேன்டீயில் இறக்கிப் பழகிய மனிதர் அந்தத் தட்டைப் பார்ப்பார், ஜன்னலைப் பார்ப்பார். "பசிக்கல" என்பார். அந்த ஒரு சொல்லைத் தவிர வேறு பேச்சில்லை. ஒருநாள் மணிக்கூட்டைக் கழற்றி என்னிடம் தந்தார். "அலுமாரில வை. இனி இது எதுக்கு? நம்ம ரூட் முடிஞ்சிருச்சு."

கிளினிக்கில் டாக்டர் எங்களைத் தனியே அழைத்து உள்ளதைச் சொன்னார். இதயம் தேறி வருகிறது, ஆனால் மனிதர் தேய்ந்துகொண்டு போகிறார். இப்படியே சாப்பிடாமல் இருந்தால் மருந்து மட்டும் தாங்காது. அம்மா கோவிலில் நேர்ந்துகொண்டாள். நான் கெஞ்சினேன், கோபித்தேன், கதை சொல்லி ஊட்டப் பார்த்தேன். அப்பாவின் சட்டை கொடியில் காயும்போது எப்படித் தொங்குமோ அப்படியே அவர் உடம்பிலும் தொங்கியது. எனக்குப் பயமாக இருந்தது. அவ்வளவு பயத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் பட்டதில்லை.

அந்த நாட்களில் ஒரு மாலை ஆன்ட்டி ஹெல்மட்டோடு உள்ளே வந்தார். கையில் தொலைபேசி. இத்தாலியில் இருந்த அவர் மகள் ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். ஹெல்மட்டைக் கழற்றவும் நேரமில்லாமல் அதை அப்பாவின் மூக்குக்கு முன்னே நீட்டினார்.

"பாருங்க அண்ணே! வான்கோழி இறைச்சி. தோல எடுத்துட்டு அரைச்சு, கட்லட் மாதிரித் தட்டி, பொரிக்கக்கூடத் தேவையில்ல, சட்டில சும்மா எண்ணெய் தடவினாப் போதும். ரெண்டு பாண் துண்டு, நடுவுல இது, மேல சலாது இலை, வெள்ளரிக்கா. கொழுப்புன்னு பாத்தா ஒண்ணுமே இல்ல. வயித்துக்கும் பாரமில்ல. அஞ்சு நிமிஷ வேலை!"

"பசிக்கல" என்றார் அப்பா.

"பசிக்குதான்னு இங்க யார் கேட்டா? சனிக்கிழம நான் வான்கோழியோட வாறேன்."

வான்கோழிக்கு எங்கே போவது என்று அம்மா கேட்டாள். நியாயமான கேள்வி. டிசம்பரில் நத்தார் காலத்தில் கடைக் குளிர்பெட்டிகளில் ஒன்றிரண்டு கருங்கல் மாதிரிக் கிடக்கும். மற்ற மாதங்களில் கண்டியில் அந்தப் பேச்சே இல்லை. ஆன்ட்டியிடம் இதற்கும் பதில் இருந்தது. அவரிடம் ஸ்கூட்டர் பழகிய ஒரு பெண் அலவத்துகொடையில் இருந்தாள். அவள் புருஷன் கோழி வளர்க்கிறவர், ஆசைக்குப் பத்துப் பதினைந்து வான்கோழியும் வைத்திருந்தார். "அங்கயே அறுத்து, சுத்தம் பண்ணி, பையில போட்டுத் தருவாரு. நாம போய் வாங்கிட்டு வாறதுதானே" என்றார். சனிக்கிழமை எனக்கும் அலுவலகம் இல்லை, முழு நாள் விடுமுறை. சரி என்று பின்னால் ஏறிக்கொண்டேன்.

அலவத்துகொடையில் அந்த மனிதர் எங்களைப் பார்த்து முதலில் சந்தோஷப்பட்டார். பிறகு வந்த காரணத்தைக் கேட்டார். பிறகு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மிஸ், இண்டைக்கி போயா தானே?"

ஆன்ட்டி என்னைப் பார்த்தார். நான் ஆன்ட்டியைப் பார்த்தேன்.

"போயாவுக்கு அறுக்கவும் ஏலா, இறைச்சி விக்கவும் ஏலா. ஒங்களுக்குத் தெரியாததா?"

தெரியாமல் என்ன? பிறந்ததிலிருந்து தெரியும். பௌர்ணமி வந்தால் இறைச்சிக் கடை பூட்டு என்பது இந்த நாட்டில் பால்குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். நாங்கள் விடுமுறை என்பதை ஞாபகம் வைத்துக்கொண்டு, எதற்காக விடுமுறை என்பதை மறந்துவிட்டோம். இந்துவும் கத்தோலிக்கரும் சேர்ந்து ஒரு முஸ்லிம் வீட்டு வாசலில் நின்று பௌத்தரின் நாளை மறந்த கதையை அந்த மனிதர் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார் என்று நினைக்கிறேன்.

"இண்டைக்கி சும்மா போங்க மிஸ். நாளைக்கிக் காலைல ஒங்கட பக்கம்தான் கோழி போட வாறேன். அப்ப கொண்டு வந்து தாறேன்."

எவ்வளவு நல்ல யோசனை! வேறு யாராக இருந்தாலும் தலையாட்டிவிட்டு ஒரு தேநீர் குடித்துக் கிளம்பியிருப்பார்கள். ஆன்ட்டி மட்டும், "அண்ணனுக்கு இன்னைக்கு வான்கோழியோட வாறேன்னு சொல்லிட்டேனே" என்றார். "உயிரோட கொடுங்க. நாளைக்கு நீங்க வாற நேரம் அண்ணன் வீட்டுல அறுத்துக் குடுங்க."

இப்படித்தான் நான் ஒரு வான்கோழியை மடியில் வைத்துக்கொண்டு கண்டிக்கு வந்தேன். காலைக் கட்டி அரிசிச் சாக்கில் போட்டுத் தந்தார்கள். தலை மட்டும் வெளியே. பாரமென்றால் அப்படிப் பாரம். வளைவுகளில் ஆன்ட்டி சரிய, நான் சரிய, அது மட்டும் சரியாமல் நேராக நின்று வழியைப் பார்த்துக்கொண்டு வந்தது. அவர் "இந்தா பிடி, இந்தா வந்துட்டோம், அஞ்சு நிமிஷம்" என்று காற்றோடு கத்திக்கொண்டே வந்தார். கட்டுகஸ்தோட்டையில் குறுக்கே திரும்பியிருந்தால் நேரே வீடு. ஆனால் குரக்கன் என்கிற கேழ்வரகுப் பாண் நகரத்தில் ஒரு பேக்கரியில்தான் நன்றாக இருக்கும் என்று அவர் முடிவு செய்திருந்தார். பாணும் வாங்கினோம். அதையும் என் மடியில்தான் வைத்தோம்.

போயா தினத்தில் கண்டி நகரம் எப்படி இருக்கும்! ரோடு முழுக்க வெள்ளை உடுப்பு, கையில் பூத்தட்டு, தலதா மாளிகைக்குப் போகும் கூட்டம். சந்தியில் நாங்கள் நின்றபோது வெள்ளைச் சேலை உடுத்த ஒரு வயதான அம்மா பக்கத்தில் வந்தார். வான்கோழியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் முகம் அப்படியே மலர்ந்தது. "உயிரை விடுவிக்கக் கொண்டு போகிறீர்களா மகளே?" என்று சிங்களத்தில் கேட்டார். போயா நாளில் அறுவைக்குப் போகும் உயிரை மீட்டு விடுவது பெரிய புண்ணியம். நிலம் பிளந்தால் ஸ்கூட்டரோடு உள்ளே போய்விடலாம் என்றிருந்தது எனக்கு. ஆன்ட்டியைப் பார்த்தேன். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். கண்ணாடியில் ஆடும் ஜெபமாலையை ஒரு கணம் பார்த்தார்.

"இன்றைக்கு இதன்மேல் ஒருவரும் கத்தி வைக்கமாட்டார்கள் அம்மா" என்றார், அழகான சிங்களத்தில்.

அந்த அம்மா கைகூப்பி "சாது, சாது" என்றார். தட்டிலிருந்து ஒரு பூவை எடுத்துச் சாக்கின் மேல் வைத்தார். விளக்குப் பச்சையானதும் ஆன்ட்டி பறந்த வேகத்தை அவருடைய மாணவிகள் யாரும் பார்த்திருக்கக் கூடாது.

வீட்டு வாசலில் அவர் ஹோர்ன் அடித்தார். சாக்குக்குள் இருந்து அது "கொளகொளகொள" என்று பதில் கொடுத்தது. உள்ளே ஜன்னலோரக் கதிரையில் கண்ணை மூடிக்கிடந்த அப்பா திடுக்கிட்டு இருமினார். அந்த இருமலுக்கும் "கொளகொளகொள."

"என்னா அது?" என்றார் அப்பா. பல நாட்களுக்குப் பிறகு 'பசிக்கல' அல்லாத ஒரு சொல்.

"உங்க சாப்பாடு அண்ணே!"

"சாப்பாடு என்னைய ஏசுதே?"

அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். வான்கோழியைப் பின்வளவில் கொய்யா மரத்தில் கட்டினோம். சத்தம் கேட்டால் அது பதில் சொல்லாமல் விடாது என்பது அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. மெல்ல எழுந்தார். யாரும் கையைப் பிடிக்கவில்லை, யாரையும் கேட்கவுமில்லை. பின்கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "கண்டி, கண்டி, கண்டி!" என்றார், பஸ் ஸ்டாண்ட் குரலில். "கொளகொளகொள." "ரைட், போ போ!" "கொளகொளகொள." அன்று பொழுது சாயும்வரை இந்தப் பயணம் நடந்தது. நான் சிரித்துச் சிரித்து வயிறு நொந்து படியில் உட்கார்ந்துவிட்டேன். சாப்பாடு மட்டும் அன்றைக்கும் இறங்கவில்லை. நாலு வாய்தான்.

அம்மாவுக்குப் புதுக் கவலை பிடித்துக்கொண்டது. "இந்த மனுசன் இத வளக்கணும்னு சொல்லப்போறாரு பாரு." ஆன்ட்டிக்கும் முகம் விழுந்துவிட்டது. வேலியோரம் நின்று மெதுவாகக் கேட்டார். "அண்ணனுக்கு அது மேல ஆசை வந்துருச்சோ புள்ள?"

ஞாயிறு காலை அலவத்துகொடைக்காரர் கத்தியோடு வந்து நின்றார். நாங்கள் எல்லோரும் அப்பாவைப் பார்த்தோம்.

"என்னா எல்லாரும் என் மொகத்தப் பாக்குறீங்க? விடியிறதுக்கு முந்தியே எழுப்பி விட்டுட்டான். இன்னைக்கும் இவனோட பேச எனக்கு மூச்சு இல்ல. கொண்டு போங்க."

வந்தவர் பிஸ்மில்லாஹ் சொல்லி அறுத்து, சுத்தம் செய்து, துண்டு போட்டுத் தந்துவிட்டுப் போனார். ஆன்ட்டி சேர்ச்சில் ஞாயிறுப் பூசைக்குப் புறப்பட்டார். "வந்த உடனே ஆரம்பிச்சிருவோம். அஞ்சு நிமிஷ வேலை."

அப்பா கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"புள்ள, அந்த மணிக்கூட்ட எடு. இவங்க அஞ்சு நிமிஷத்த இன்னைக்கு நான் பாக்கத்தான் போறேன்."

எடுத்துக் கொடுத்தேன். கடைசித் துளையில் மாட்டியும் அது முழங்கைப் பக்கம் வழுக்கிக்கொண்டு ஓடியது. அவர் அதைப் பிடித்து மேலே தள்ளிவிட்டு முள்ளைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

பூசை முடிந்து எவ்வளவோ நேரத்துக்குப் பிறகு ஆன்ட்டி வந்தார். கையில் இரும்பாலான இறைச்சி அரைக்கும் மெஷின், பின்னால் இரண்டு மாணவிகள். மெஷினை மேசை விளிம்பில் மாட்டித் திருகவேண்டும். எங்கள் மேசை விளிம்பு தடிப்பு, மெஷினின் வாய் கொள்ளவில்லை. ஸ்டூலில் பார்த்தார், அடுப்பங்கரைப் பலகையில் பார்த்தார். கடைசியில் அது கச்சிதமாகப் பிடித்த இடம் அப்பாவின் ஜன்னல் பலகை.

"அண்ணே, இந்தக் கைப்பிடிய ஒரு அஞ்சு நிமிஷம் சுத்துங்க."

"ஐயோ, அவரால ஏலாது! டாக்டர் சொன்னாரு..." என்று அம்மா ஓடிவந்தாள்.

"டாக்டர் நடக்கச் சொன்னாரு அக்கா. இது கைக்கு நடை."

அப்பா சுற்றினார். முதலில் விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு கியர் பிடிப்பதுபோல் உள்ளங்கையை வைத்து நிதானமாகச் சுற்றினார். நான் துண்டுகளை மேலே போட, கீழே வெளிறிய நூல் நூலாக இறைச்சி இறங்கியது. நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கினார், மணிக்கூட்டைப் பார்த்தார். "அஞ்சு நிமிஷம் எப்பவோ போயிருச்சு!" என்று குசினியைப் பார்த்துச் சத்தம் போட்டார்.

குசினியில் நிலைமை கலவரம். பாணை எடுத்தால், அது முழுக்க வான்கோழி உட்கார்ந்து வந்த அடையாளம். தோசை மாதிரித் தட்டையாக இருந்தது. "நீ போய் வாங்கிட்டு வா, பழகின மாதிரியும் ஆச்சு" என்று ஒரு மாணவியை ஸ்கூட்டரில் அனுப்பினார். அந்தப் பிள்ளைக்கு வலது பக்கம் திருப்ப இன்னும் வராது. இடது பக்கமாகவே திரும்பித் திரும்பி ஊரைச் சுற்றி வந்து சேர்ந்தது. தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட மறந்துபோயிருந்தார்கள். "அது தண்ணி வடியட்டும், அஞ்சு நிமிஷம்." முதலில் தட்டிப் போட்டது சட்டியில் ஒட்டி உதிர்ந்து புட்டாகிப் போனது. கொழுப்பில்லாத இறைச்சி அப்படித்தான், பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை அதில். ஆன்ட்டி அசரவில்லை. வெங்காயத்தைத் துருவிச் சேர்த்தார், ஒரு கரண்டி தயிர் விட்டார், இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய், கறிவேப்பிலை பொடியாக அரிந்து போட்டார், மிளகைக் கைநிறையத் தட்டிப் போட்டார். உப்பு கிள்ளி எடுத்த அளவுதான், மீதிக்கு எலுமிச்சம் புளி. இந்த முறை சட்டியில் போட்டதும் உஸ்ஸென்று உட்கார்ந்தது, உதிரவில்லை. மிளகும் கறிவேப்பிலையும் சுடுகிற வாசம் வீட்டை நிறைத்து ஜன்னலால் ஒழுங்கைக்குப் போனது. அவித்த கரட்டின் வாசம் மட்டுமே இருந்த வீடு அது.

ஜன்னலில் இருந்து அறிவித்தல்கள் வந்துகொண்டே இருந்தன. "பதினொரு மணி பஸ் போயிருச்சு!" பிறகு, "பன்னெண்டு மணி பஸ்ஸும் போயிருச்சு!" பிறகு, "பின்னால வந்தவன் எல்லாம் முந்திப் போயிட்டான், இங்க இன்னும் வண்டி ஸ்டார்ட்டே பண்ணல!" ஆன்ட்டி ஒவ்வொன்றுக்கும் "இந்தா, இந்தா" என்று பதில் கொடுத்தார். நான் வெள்ளரிக்காய் சீவினேன், வெங்காயம் வெட்டினேன். அம்மா சலாது இலையைக் கழுவினாள்.

அப்போதுதான் அது நடந்தது. வழியை மறித்து நிற்கும் முச்சக்கரவண்டிக்காரனைப் பார்த்துப் போடுவாரே, அந்தக் குரலில் அப்பா கத்தினார்.

"பசிக்குது! மனுசனுக்குப் பசிக்குது! இன்னைக்குத் தருவீங்களா, இல்லையா?"

அம்மாவின் கையில் இலை அப்படியே நின்றது. குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, அவள் பூட்டவில்லை. கண்ணால் கொட்டத் தொடங்கிவிட்டது. "வெங்காயம்" என்றாள் என்னிடம். வெங்காயம் என் கையில் இருந்தது. நானும் அழுதேன். எனக்காவது ஒரு காரணம் இருந்தது.

ஆன்ட்டி மட்டும் ஒன்றையும் கவனிக்கவில்லை. சட்டியில் இருந்ததைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, "அஞ்சு நிமிஷம் அண்ணே!" என்று கத்தினார்.

பாணை எண்ணெய் இல்லாமல் வாட்டி, வடிந்த தயிரைக் கட்டியாகத் தடவி, சுடச்சுட அந்த இறைச்சித் தட்டையை வைத்து, வெள்ளரிக்காய், தக்காளி, இலை எல்லாம் அடுக்கி மூடினார். அப்பா இரண்டு கையாலும் பிடித்துக் கடித்தார். இலை நொறுங்கும் சத்தம் கேட்டது. தயிர் தாடையில் வழிந்தது, துடைக்கவில்லை. எங்கள் யாரையும் பார்க்கவுமில்லை. மெதுவாக, நன்றாக மென்று முழுவதையும் முடித்தார். விரலை நக்கினார்.

"உப்பு பத்தாது" என்றார். தட்டை நீட்டினார். "இன்னொண்ணு வை."

எனக்கு அந்த இடத்தில் துள்ளிக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. குதித்தேன் என்றுதான் அம்மா சொல்கிறாள்.

பின்னேரம் ஆன்ட்டியோடு படியில் உட்கார்ந்திருந்தபோது கேட்டேன். "அவருக்குப் பசி வரட்டும்னு வேணும்னேதானே பிந்த வச்சீங்க?"

அவர் என்னை விளங்காமல் பார்த்தார். "பிந்தினதா? எங்க புள்ள பிந்தினது? சட்டில போட்டுத் திருப்பி எடுத்தது அஞ்சு நிமிஷம் தானே?"

அலவத்துகொடை போனது, பூசை, மெஷினுக்கு இடம் தேடியது, அந்தப் பிள்ளை இடது பக்கமாகவே ஊரைச் சுற்றியது, எதுவுமே அவர் கணக்கில் வேலை இல்லை. அதெல்லாம் ஆட்களோடு சும்மா இருந்த நேரம். பலகையின் இரு முனையில் நின்ற அந்த அயல் வீட்டுக்காரர்களை நினைத்துக்கொண்டேன்.

மீதி வான்கோழி அன்றே கறியாகி ஒழுங்கை முழுக்கப் போனது. அடுத்த கிளினிக்கில் டாக்டர் தராசைப் பார்த்துவிட்டு என்ன செய்தீர்கள் என்று கேட்டார். அம்மா சொல்ல ஆரம்பித்தாள். வெளியே வரிசை நீண்டுகொண்டே போனது.

ஆன்ட்டி இப்போது இத்தாலியில் மகளோடு இருக்கிறார். போகும்போது மெஷினைக் கேட்டார், ஆனால் அது ஜன்னல் பலகையை விட்டுக் கழன்று வரவில்லை. "அஞ்சு நிமிஷ வேலை, அப்புறம் வந்து கழட்டுறேன்" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினார். அது அங்கேயே இருக்கிறது. அவர் இல்லாத ஒழுங்கையில் யாரும் யாரையும் பார்த்து எழுந்து நிற்பதில்லை. அது எனக்குக் கவலைதான்.

போன ஞாயிறு அவர் அழைத்தபோது அப்பா மெஷினுக்கு முன்னே உட்கார்ந்திருந்தார். வான்கோழி கிடைப்பதில்லை, கோழி நெஞ்சுத் துண்டுதான். மணிக்கூடு மணிக்கட்டிலேயே இறுக்கமாக நின்றது. நான் தொலைபேசியை அவர் பக்கம் பிடித்தேன்.

"என்னா அண்ணே பண்றீங்க?"

"ஒண்ணுமில்ல" என்றார் அப்பா, கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே. "அஞ்சு நிமிஷ வேலை."

அந்தப் பக்கத்திலிருந்து இத்தாலி முழுக்கக் கேட்கும்படி ஒரு சிரிப்பு.

அம்மா குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள். ஒரு தட்டில் நாலு பிஸ்கட்டும் தேநீரும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"இத சாப்புட்டு இரு" என்றாள். "சாப்பாடு மூணு மணிக்கு."